நாய்க்கு அலர்ஜி மாத்திரை: அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

ஐப்பசி மழை பிடித்து நாலு நாள் ஆனால் போதும், புதுச்சேரியிலும் கடலூரிலும் நாய் வளர்க்கும் வீடுகளில் ராத்தூக்கம் கெட்டுவிடும். காதைச் சொறியும் சத்தம், பாதத்தை விடாமல் நக்கும் சத்தம், கழுத்துப்பட்டை வளையம் தரையில் தட்டும் சத்தம். விடிந்ததும் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், "அண்ணே, நாய்க்கு அரிப்பு தாங்கல, சிட்ரிசின் ஒரு அட்டை குடுங்க" என்று கேட்பது நம் ஊரில் வழக்கம். கேட்பதில் தவறில்லை. அதன் சரியான பெயர் செட்டிரிசின்; கால்நடை மருத்துவர்களே நாய்க்கு எழுதித் தரும் அலர்ஜி மருந்துதான். ஆனால் கடைக்காரர் எடுத்துப் போடும் அட்டையில் செட்டிரிசின் மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அரிப்பு அலர்ஜிதானா என்றும் பார்க்க வேண்டும். நாய்கள் பாதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைப் பார்க்காமல் விட்டதால்தான். செட்டிரிசினால் பாதிக்கப்படுவது அபூர்வம்.

முதலில் அட்டையைத் திருப்புங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர்; அதை நம்பி எதுவும் செய்ய முடியாது. பின்பக்கம் பொடி எழுத்தில், ஒரு மாத்திரையில் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்ற பட்டியல் இருக்கும். நாய்க்கு வாங்கும் அட்டையில் மருந்தின் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்: செட்டிரிசின் ஹைட்ரோகுளோரைடு ஐ.பி., 10 மி.கி. அல்லது 5 மி.கி. நிறமி பற்றிய வரி வேறு, அதை விட்டுவிடலாம். இரண்டாவதாக ஒரு மருந்தின் பெயர் தென்பட்டால் அந்த அட்டை வேண்டாம்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. சளிக்கும் தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் நம் கடைகளில் விற்பவற்றில் நிறைய கூட்டு மாத்திரைகள். பெயருக்குப் பின்னால் 'கோல்ட்', 'பிளஸ்', 'டி' என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். அலர்ஜி மருந்தோடு 325 அல்லது 500 மி.கி. பாராசிட்டமால், மூக்கடைப்பைத் திறக்க ஃபீனைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் என்று சேர்த்திருப்பார்கள். மனிதனுக்கு அது ஒரே மாத்திரையில் மூன்று வேலை. நாய்க்கு அப்படியல்ல.

பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். நாயின் எடையில் கிலோவுக்கு 75 முதல் 100 மி.கி. உள்ளே போனாலே கல்லீரல் கெடத் தொடங்கலாம். 5 கிலோ பொமரேனியனுக்கு 500 மி.கி. கூட்டு மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் கிலோவுக்கு 100 மி.கி. ஆகிவிட்டது. ஒரே மாத்திரையில் எல்லை தாண்டியாயிற்று. இதில் கவனிக்க வேண்டிய கொடுமை ஒன்று உண்டு. பாராசிட்டமால் நஞ்சேறிய நாய்க்கு முகமும் பாதமும் வீங்கலாம். வீட்டிலிருப்பவர்கள் அதைப் பார்த்து, 'அலர்ஜி கூடிவிட்டது' என்று நினைத்து அதே மாத்திரையில் இன்னொன்றைக் கொடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. வீக்கத்தோடு வாந்தியும் சோர்வும் வந்தால், ஈறு பழுப்பேறினால், அது அலர்ஜி இல்லை. அடுத்த மாத்திரையை யோசிக்கும் நேரமும் இல்லை. வீட்டில் பூனையும் இருந்தால் அதற்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கும்.

சூடோஎஃபெட்ரின் இதைவிட வேகமானது. கிலோவுக்கு 5, 6 மி.கி. என்ற அளவிலேயே நாய்க்கு நெஞ்சு படபடத்து, உடல் நடுங்கும். 10 முதல் 12 மி.கி. உயிருக்கே ஆபத்து. நாள் முழுக்க வேலை செய்யும் மாத்திரைகளில் இது 120 மி.கி. வரை இருக்கும். 10 கிலோ நாய் அப்படி ஒன்றை விழுங்கினால் கணக்கு நேராக அந்த ஆபத்து எல்லையில் போய் நிற்கும். இதன் அறிகுறியும் ஆளை ஏமாற்றும். நாய் ஓரிடத்தில் படுக்காது, இரைக்கும், கண்மணி விரிந்திருக்கும், வீடு முழுக்கச் சுற்றும். பார்ப்பவருக்கு அரிப்பு தாங்காமல் தவிப்பதுபோலத்தான் தோன்றும்.

கூட்டு மருந்தில் இன்னொரு வகை, லெவோசெட்டிரிசினும் மான்டெலுகாஸ்டும் சேர்ந்தது. மருத்துவர்கள் மனிதர்களுக்கு அதிகம் எழுதுவதால், 'சிட்ரிசின்' என்று கேட்டால் பல கடைகளில் கை தானாக அதற்குத்தான் போகும். முந்தைய இரண்டின் அளவுக்கு இது விஷமல்ல. ஆனாலும் மான்டெலுகாஸ்டால் நாயின் அரிப்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. தேவையில்லாத மருந்தை எதற்கு உள்ளே அனுப்ப வேண்டும்?

பெனாட்ரில் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நாய்க்கு அலர்ஜி என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது அந்தப் பெயர்தான். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்கும் அலர்ஜி மாத்திரையில் டைபென்ஹைட்ரமின் மட்டும் இருக்கும். அங்கே சொல்லும் அளவு, கிலோவுக்குச் சுமார் 2 மி.கி., அந்த மாத்திரைக்கானது. பிரிட்டனிலோ அதே பெயரில் வேறு அலர்ஜி மருந்து விற்கிறது. நம் ஊரில் பெனாட்ரில் என்றால் இருமல் சிரப். வழக்கமான அந்தச் சிரப்பில் 5 மில்லிக்குச் சுமார் 14 மி.கி. டைபென்ஹைட்ரமின், அதோடு 138 மி.கி. அமோனியம் குளோரைடு, சோடியம் சிட்ரேட், மெந்தால் எல்லாம் உண்டு. 20 கிலோ நாய்க்கு 40 மி.கி. டைபென்ஹைட்ரமின் கொடுக்க வேண்டுமானால் 14 மில்லி சிரப் ஊற்ற வேண்டியிருக்கும். கூடவே 390 மி.கி. அமோனியம் குளோரைடும் போகும். அதையே நாளுக்கு மூன்று வேளை என்று நினைத்துப் பாருங்கள். அதே பெயரில் டைபென்ஹைட்ரமினே இல்லாத வறட்டு இருமல் சிரப்பும் கடையில் இருக்கிறது. ஆகவே அமெரிக்கக் கணக்கை முத்தியால்பேட்டை மருந்துக்கடைப் பாட்டிலுக்குப் பொருத்தக் கூடாது.

அளவும் கொடுக்கும் முறையும்

செட்டிரிசினுக்கு நாயின் அளவு மனிதக் கணக்கில் வராது. நாயின் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மி.கி., நாளுக்கு ஒரு முறை. ஆளுக்கே ஒரு மாத்திரைதானே, நாய்க்குக் கால் மாத்திரை போதும் என்று 25 கிலோ லாப்ரடாருக்குக் கிள்ளிக் கொடுப்பவர்கள் உண்டு. அது கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் நடுவில் நிற்கும். மறுபக்கம், எவ்வளவு பெரிய நாயாக இருந்தாலும் 20 மி.கி.யைத் தாண்டுவதை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். வீட்டு எடை மெஷினில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். 61.2 என்பது 68.4 ஆனால் நாய் 7.2 கிலோ. முடி அடர்ந்த பொமரேனியனைப் பார்த்துப் பத்துக் கிலோ இருக்கும் என்று சொல்பவர்கள்தான் அதிகம். நனைத்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். தூக்க முடியாத நாய்க்கு, அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவமனை எடைமேடையில் நிறுத்தி அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 7.2 கிலோவுக்கு 7 மி.கி. வேண்டும். 10 மி.கி. மாத்திரையில் பாதி 5 மி.கி.; முக்கால் 7.5. முக்கால் மாத்திரையாக உடைக்கிறேன் என்று போராடுவதை விட, 5 மில்லியில் 5 மி.கி. என்று அச்சிட்ட செட்டிரிசின் சிரப் வாங்கினால் கணக்கு எளிது: 1 மில்லிக்கு 1 மி.கி., ஆக 7 மில்லி. ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சி, நாயின் கன்னத்துக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து மெதுவாக விடுங்கள். தலையை மேலே தூக்கி ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும். 18 கிலோ நாட்டு நாய்க்கு ஒன்றரை மாத்திரை சரி. கணக்கு நடுவில் விழும்போது கீழ்ப்பக்கமாகவே முடியுங்கள்.

சிரப் பாட்டிலில் 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். இனிப்புக்கு சைலிட்டால் சேர்த்திருந்தால் அந்தப் பாட்டில் வேண்டவே வேண்டாம். மனிதனுக்கு ஒன்றும் செய்யாத சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைப் பீறிடச் செய்து ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். கிலோவுக்கு 0.1 கிராம் போதும்; 5 கிலோ நாய்க்கு அரை கிராம். இன்னும் கூடினால் கல்லீரல் போகும். சார்பிட்டால் என்று எழுதியிருப்பது வேறு பொருள், அதனால் இந்த ஆபத்து கிடையாது.

கடையில் லெவோசெட்டிரிசின் மட்டுமே உள்ள 5 மி.கி. மாத்திரைதான் கிடைத்தது என்றால், அது செட்டிரிசினின் வேலை செய்யும் பாதி. 5 மி.கி. லெவோ, 10 மி.கி. செட்டிரிசினுக்குச் சமம். அதாவது நாய்க்கு மி.கி. அளவு பாதியாகும். இந்தக் குழப்பத்தில் இரட்டிப்பாகக் கொடுத்துவிட வாய்ப்பிருப்பதால், வெறும் செட்டிரிசினே கேட்டு வாங்குவது நல்லது.

மாத்திரையை உடைத்தால் கசக்கும். அதனால் தயிர்சாத உருண்டை மூன்று பிடியுங்கள். முதலாவது வெறும் உருண்டை, இரண்டாவதில் மாத்திரை, அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதைக் காட்டுங்கள். மூன்றாவதுக்கு ஆசைப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். அவித்த முட்டையிலும் வாழைப்பழத்திலும் இதே வித்தைதான். நம் கடற்கரைக் காற்றில் உடைத்த பாதி மாத்திரை சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். மறுநாளுக்குள் கொடுத்துவிடுங்கள், நொறுங்கிப்போனதைக் கொடுக்க வேண்டாம்.

ராத்திரி கொடுப்பது வசதி, ஏனென்றால் சில நாய்களுக்குத் தூக்கம் வரும். சிலவற்றுக்கு வாந்தி வரும். எங்கோ ஒரு நாய் தூங்குவதற்கு மாறாகப் பரபரக்கும். முதல் மூன்று நாள் பகலில் அதைத் தனியே விட்டுப் போகாமல் இருந்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

செட்டிரிசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகக் கோளாறுள்ள நாய்க்கு அது உடம்பிலேயே தேங்கும். அத்தகைய நாய், கல்லீரல் நோயுள்ளது, சினையாக உள்ளது, பால் கொடுப்பது, குட்டி, வலிப்பு வருவது, கண் நீர் அழுத்தம் உள்ளது, சிறுநீர் அடைப்பு உள்ளது, ஏற்கெனவே மயக்க மருந்தோ வலிப்பு மருந்தோ சாப்பிடுவது: இவற்றில் எதற்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். அவில் என்று வீட்டுக்கு வீடு தெரிந்த ஃபெனிரமின், சளி மாத்திரைகளில் வரும் குளோர்பெனிரமின் ஆகியவை பழைய தலைமுறை மருந்துகள். மூளைக்குள் எளிதில் போகும், தூக்கம் அதிகம், அளவு கூடினால் வலிப்பு வரை கொண்டுபோகும். மருத்துவர் அவில் ஊசி போடுகிறாரே என்பதற்காக நாமே அவில் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது சரியாகாது. அவர் எடை பார்த்து, ஈறு பார்த்து, நெஞ்சுத் துடிப்பு கேட்டுப் போடுகிறார்.

எந்த அளவுக்குப் பலன் எதிர்பார்க்கலாம்?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: நாய்களின் அலர்ஜி அரிப்புக்கு இந்த மருந்துகள் மனிதர்களுக்குப் போல வேலை செய்வதில்லை. மனிதனுக்கு அலர்ஜி என்றால் பெரும்பாலும் தும்மலும் மூக்கொழுகலும் தடிப்பும். அங்கே உடம்பே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம்தான் பிரதானம்; இந்த மருந்துகள் தடுப்பது அதைத்தான். நாய்க்கு அலர்ஜி தோலில் இறங்குகிறது. அந்த அரிப்பைத் தூண்டுவதில் இன்டர்லூக்கின் 31 என்ற வேறொரு செய்திப் புரதத்துக்குப் பெரிய பங்கு. செட்டிரிசின் ஹிஸ்டமின் உட்காரும் நாற்காலியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து இடம் பிடிப்பது. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டதை எழுப்பாது. அதனால்தான் அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது ஒரு மாத்திரை போட்டால் பெரிதாகத் தெரியாது. லேசான அரிப்புள்ள நாய்க்கு, சீசன் தொடங்குமுன் தினமும் கொடுத்துவந்தால் ஓரளவு தெரியும்.

இரண்டு வாரம் சரியான அளவில் கொடுத்துப் பாருங்கள். முதல் நாளே நாய் மணிக்கு எத்தனை முறை சொறிகிறது, ராத்திரி எத்தனை முறை எழுகிறது என்று காலண்டரில் குறியுங்கள். 14ஆம் நாளும் அதே கணக்கு என்றால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவைக் கூட்டுவதில் பயனில்லை. அங்கே ஒக்லாசிட்டினிப் போன்ற, இன்டர்லூக்கின் வழியையே அடைக்கும் மருந்துகள் உண்டு. அவை ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் தேவைப்படுபவை, கடையில் கேட்டு வாங்குபவையல்ல.

அரிப்பு எல்லாம் அலர்ஜி அல்ல

நம் பகுதி நாய்க்கு அரிப்பு என்றால் முதலில் தேட வேண்டியது உண்ணி. காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, வாலுக்குக் கீழ்: நான்கையும் விரலால் தடவிப் பாருங்கள். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தக்கூடியது. சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நான்கு தெரிந்தால் வீட்டில் பல மடங்கு இருக்கும். அரிப்பை விடப் பெரிய கவலை, அது எர்லிக்கியா, பபேசியா போன்ற ரத்தக் கிருமிகளைக் கொண்டுவருவது. சோறு திங்காமல், காய்ச்சலோடு, ஈறு வெளுத்துக் கிடக்கும் நாய்க்கு அலர்ஜி மாத்திரை கொடுத்து ஒரு வாரத்தைக் கழிப்பது அதன் உயிரோடு விளையாடுவது.

இடுப்புக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டிச் சொறிந்தால் தெள்ளுப்பூச்சி. காது ஓரம், முழங்கை, வயிற்றில் பொருக்குத் தட்டி, வீட்டில் ஆட்களுக்கும் அரிக்கிறதென்றால் சொறிப்பூச்சி. பாத இடுக்கில் செம்பழுப்புக் கறையும் புளித்த வாடையும் இருந்தால் ஈஸ்ட் பூஞ்சை, மழைக்காலத்தில் இதுதான் அதிகம். இவை எதற்கும் செட்டிரிசின் மருந்தல்ல. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஊசியை யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போவதும் மருந்தல்ல. மாட்டுக்கான அடர்த்தி நாய்க்கு அதிகம், கோலி போன்ற இனங்களுக்கு அது மூளையையே தாக்கும்.

இவையெல்லாம் இல்லை, ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் தொடங்கி, பாதம், காது, அக்குள், தொடையிடுக்கு என்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அலர்ஜி என்று நினைக்கலாம். கடலோர ஈரத்தில் தூசிப் பூச்சி செழிக்கும். நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயிலில் போடுவது, உலாத்தி வந்ததும் நான்கு பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது, மாத்திரைக்குச் சமமான வேலை செய்யும். கடலில் குளித்து வந்த நாயை உப்போடு காயவிடாமல் நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளோர்ஹெக்சிடின் ஷாம்பு போட்டால் பத்து நிமிடம் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். பலரும் ஒரே நிமிடத்தில் கழுவிவிட்டு ஷாம்பு சரியில்லை என்கிறார்கள்.

உணவு அலர்ஜி வருடம் முழுக்க இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்படாது. உலக அளவில் நாய்களுக்கு அதிகம் ஒவ்வாதவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. நம் வீட்டு நாய்களோ கோழிக்கழிவுச் சோற்றிலும் தயிர்சாதத்திலும் வளர்பவை. கண்டுபிடிக்க ஒரே வழி, நாய் வாழ்நாளில் தின்றிராத புரதம் ஒன்றை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. புத்தகங்களில் இதற்கு மீனைச் சொல்வார்கள். தேவனாம்பட்டினம், தேங்காய்த்திட்டு போன்ற கடலோர ஊர்களில் அது எடுபடாது. இங்கே நாய் குட்டியிலிருந்தே மத்தித் தலை தின்று வளர்ந்திருக்கும். ஆட்டிறைச்சி தின்றிராத நாய் என்றால் அதை எடுக்கலாம். இந்த எட்டு வாரத்தில் மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்துக் கொடுத்தால் சோதனையே பாழ்; வெறும் சோற்று உருண்டையில் வையுங்கள்.

முகம் வீங்கினால்

தேனீயோ குளவியோ கொட்டி மூஞ்சி உப்பி, உடம்பெல்லாம் தடிப்பு எழுந்திருக்கிறது, நாய் தெளிவாக நடக்கிறது, மூச்சு சீராக இருக்கிறது, ஈறு ரோஜா நிறம்: இந்த ஓர் இடத்தில் செட்டிரிசின் நன்றாகவே உதவும். கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும்.

வாந்தி, பேதி, தள்ளாட்டம், ஈறு வெளுப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைத் தாக்குதல். நாய்க்கு இது முதலில் தாக்குவது கல்லீரலையும் குடலையும்; அதனால் மூச்சுத் திணறலுக்கு முன்பே திடீர் வாந்தியும் ரத்தப்பேதியும் வரும். மாத்திரை இதை நிறுத்தாது, தேவைப்படுவது எபிநெஃப்ரின் ஊசியும் சலைனும். வாயில் எதையும் திணிக்காமல் வண்டியில் ஏற்றுங்கள்.

பாகூர், வில்லியனூர், நெல்லிக்குப்பம் பக்கம் வயலோரம் வாழும் நாய்க்கு மூஞ்சியோ முன்னங்காலோ ஒரு பக்கமாக வீங்கினால், அலர்ஜி என்று நினைக்குமுன் பாம்பை நினையுங்கள். அலர்ஜி வீக்கம் பெரும்பாலும் இரண்டு கன்னத்திலும் மெத்தென்று இருக்கும், அரிக்கும். விரியன் கடித்த வீக்கம் ஒரு பக்கத்தில் தொடங்கும், தொட்டால் நாய் அலறும், கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், நேரம் ஆக ஆகப் பரவும். நமது விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தது. எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு மணி நேரம்தான் அந்த நாய்க்கு இருக்கும் நேரம். மழை ராத்திரியில் தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளுவதும் அலர்ஜி அல்ல. வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகும் தள்ளாடினால் மருத்துவமனை.

தோலின் மேல் பூசுவதிலும் விபத்து உண்டு. கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெய் நம் வீடுகளின் கைமருந்து. நாய் அதை நக்கித்தான் தீரும், கற்பூரம் வலிப்பு வரவழைக்கும். மண்ணெண்ணெயும் பினாயிலும் தோலைப் பொசுக்கும். மனிதர்களின் படர்தாமரைக்கு விற்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதுவும் வயிற்றுக்குள்தான் போய்ச் சேரும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாமாகத் தொடங்கினால் இரண்டே நாளில் அரிப்பு நின்று அற்புதமாகத் தெரியும். அடியில் இருந்த பூஞ்சையும் சொறியும் பபேசியாவும் அதன் மறைவில் வளரும். நொண்டலுக்கு மெலாக்சிகாம் என்ற வலிமருந்து சாப்பிடும் நாய்க்கு அதைக் கொடுத்தால் குடலில் ஓட்டையே விழலாம். மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டாசோலின் சொட்டுமருந்துப் பாட்டிலை நாய் கடிக்கும் உயரத்தில் வைக்காதீர்கள்.

அட்டையோடு கடித்துத் தின்றுவிட்டால், எத்தனை மாத்திரை மீதி என்று எண்ணுங்கள், அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து, ஒன்றில் எத்தனை மி.கி., எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு, நாய் எத்தனை கிலோ: இந்த ஐந்தும் தெரிந்தால் மருத்துவர் உடனே வேலையைத் தொடங்கலாம். வாந்தியெடுக்க உப்புக்கரைசல் ஊற்றாதீர்கள், உப்பே அதற்கு விஷமாகும்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; கடலூர்ப் பக்கத்தினருக்கு அரசு கால்நடை மருத்துவமனை. தோல் பிரச்சினைக்குப் போகும்போது முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம், பூச்சியும் பூஞ்சையும் இருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் காலண்டர் குறிப்பையும் கொண்டுபோங்கள். எதற்கு ஒவ்வாமை என்று தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்வதாக இருந்தால், செட்டிரிசினை 7 நாளுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ஸ்டீராய்டு மாத்திரை என்றால் 14 நாள். இல்லாவிட்டால் ஒவ்வாத பொருளைக் குத்தினாலும் தோல் தடிக்காது, சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிடும். அதனால் நாள் குறிக்கும்போதே கடைசி மாத்திரை கொடுத்த தேதியைச் சொல்லிவிடுங்கள்.